கழிவுப் பஞ்சுக்கு என்ன பெயர்?

2011 ஆகஸ்ட். கோவையில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் எனக்கு ஆர்ட்டிகிள்ஷிப், அதாவது சி.ஏ. படிப்பின் பயிற்சிக் காலம், இரண்டாம் வருடம். ஃபைல் தூசி, ஸ்டாம்ப் பேட் மை, மதியம் மூன்று மணிக்கு வரும் டீ. இது தவிர பெரிய சம்பவம் எதுவும் இல்லாத இடம். அன்றைக்கு ஒரு நூற்பாலையின் அக்கவுண்டன்ட் அக்குளில் ஃபைலை இடுக்கிக்கொண்டு படியேறி வந்தார். நாற்பது வருடம் ஒரே மில்லில் கணக்கு எழுதியவர். உட்கார்ந்ததும் கேட்டார்.

"ஏனுங் தம்பி, நம்ம மில்லு அந்த எக்ஸ்பிஆர்எல்லுக்குள்ள வருதுங்களா, வர்லீங்களா?"

அந்த ஆண்டு மார்ச் 31 அன்று கம்பெனி விவகார அமைச்சகம் ஒரு சுற்றறிக்கை விட்டிருந்தது. பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பெனிகளும், ஐந்து கோடிக்குக் குறையாத பங்கு மூலதனம் உள்ளவையும், நூறு கோடிக்குக் குறையாத விற்றுமுதல் உள்ளவையும் 2010-11 கணக்கை எக்ஸ்பிஆர்எல் (XBRL) என்ற, எந்திரம் படிக்கக்கூடிய வடிவில்தான் தாக்கல் செய்யவேண்டும். வங்கி, இன்சூரன்ஸ், மின் உற்பத்தி, நிதி நிறுவனங்களுக்கு மட்டும் அப்போதைக்கு விலக்கு.

இந்த மில்லின் மூலதனம் நான்கு கோடிச் சொச்சம். நூல் விற்றது 97 கோடி. அந்த வருடம் பஞ்சு விலை, யாரும் அதுவரை பார்த்திராத உயரத்துக்குப் போயிருந்தது; கூடவே நூல் விலையும் ஏறியது. இல்லாவிட்டால் இந்த மில் நூறு கோடியை எட்டிப் பார்க்கக்கூட வாய்ப்பில்லை. எப்படியோ 97-இல் நின்றுவிட்டது, தப்பித்தோம் என்றுதான் அவர் வந்திருந்தார்.

ஆனால் கழிவுப் பஞ்சு இருந்தது. பஞ்சு நூலாகும் வழியில் ஒவ்வொரு எந்திரமும் கொஞ்சம் கழித்துக்கொண்டே போகும். அதை வாங்க, கழிவிலிருந்தே நூல் நூற்கும் ஓப்பன் எண்ட் மில்காரர்கள் வரிசையில் நிற்பார்கள். அந்த வருடம் கழிவு விற்றதே நான்கு கோடி. வழக்கமாக அதை அவர் 'இதர வருமானம்' என்று ஓர் ஓரத்தில், வங்கி வட்டிக்கும் பழைய சாக்கு விற்ற காசுக்கும் பக்கத்தில் எழுதிவிடுவார். அப்படி எழுதினால் விற்றுமுதல் 97. அதுவும் மில்லின் சரக்குதானே என்று விற்பனையோடு சேர்த்தால் 101.

ஆடிட்டர் சார் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "பஞ்சு வாங்காம கழிவு வருமா? மெஷின் ஓடாம வருமா? அப்புறம் அது எப்படி இதர வருமானம்?" என்றார். அவ்வளவுதான், மில் உள்ளே வந்துவிட்டது. அக்கவுண்டன்ட் என்னைப் பார்த்த பார்வையில், நான்தான் அந்தச் சுற்றறிக்கையை எழுதிய மாதிரி ஒரு வருத்தம்.

கடைசியாக ஒரு முயற்சி செய்தார். "உடுமலைப் பக்கம் நமக்கு ரெண்டு காத்தாடி ஓடுதுங்க. அப்ப நாமளும் கரண்டு கம்பெனிதானுங்களே? வெலக்குக் கெடைக்காதுங்களா?" சார் சிரித்ததை அன்றைக்குத்தான் நான் முதன்முதலில் பார்த்தேன்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம் இருக்கிறது. எக்ஸ்பிஆர்எல் என்றதும் எல்லோரும் அதைக் கம்ப்யூட்டர் சமாசாரம் என்று நினைக்கிறார்கள். அன்றைக்கு நானும் அப்படித்தான் நினைத்தேன். பன்னிரண்டு, பதிமூன்று வருடம் இதிலேயே கிடந்து புரண்ட பிறகு சொல்கிறேன்: கம்ப்யூட்டர் பங்கு இதில் சுலபமான பங்கு. ஒரு தொகைக்கு என்ன பெயர் என்று ஒருவர் துணிந்து சொல்லவேண்டும். அந்த ஒருவர் யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். ஐந்தொகையில் (பேலன்ஸ் ஷீட்டில்) 'சரக்கு இருப்பு 18,42,000' என்று இருக்கிறது. நம் கண்ணுக்கு அது போதும். மேலே கம்பெனி பெயர் இருக்கிறது, பத்தியின் தலையில் தேதி இருக்கிறது, மூலையில் 'ரூ. ஆயிரத்தில்' என்று பொடி எழுத்தில் இருக்கிறது. நாம் அதையெல்லாம் யோசிக்காமலே சேர்த்து வாசித்துவிடுகிறோம். எந்திரத்துக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. அதற்கு ஒவ்வோர் எண்ணின் கழுத்திலும் ஒரு சீட்டு கட்டித் தொங்கவிடவேண்டும். இது என்ன தொகை, யாருடையது (கம்பெனியின் 21 எழுத்துப் பதிவு எண்), எப்போதையது, எந்தப் பணத்தில், எவ்வளவு முழுமையாக்கியது. 'எப்போதையது' என்பதிலேயே இரண்டு சாதி உண்டு. இருப்பு என்றால் மார்ச் 31 என்ற ஒரே நாள். விற்பனை என்றால் ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை ஓடிய காலம். முழுமையாக்குவதில் ஒரு வேடிக்கை: ஆயிரத்திலும் மில்லியனிலும் கணக்குக் காட்டும் நாட்டுக்காரர்கள் அந்த இடத்தில் -3, -6 என்று போடுவார்கள். லட்சமும் கோடியும் பேசுகிற நாம் -5, -7 போடவேண்டும். உலகப் பொதுமொழிக்குள் நம் லட்சம் ஒரு கழித்தல் குறியோடு உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கு இன்றும் பிடிக்கும்.

'என்ன தொகை' என்பதற்கான பெயர்களை அவரவர் இஷ்டத்துக்கு வைக்க முடியாது. அதற்கென ஓர் அகராதி இருக்கிறது. டாக்ஸானமி என்பார்கள். ஒவ்வொரு பெயரோடும் அது பற்றா வரவா, ஒருநாள் நிலையா காலத் தொகையா, எதோடு எதைக் கூட்டினால் எது வரும் என்பதெல்லாம் கோர்த்திருக்கும். 1998-இல் அமெரிக்காவின் டகோமா நகரத்தில் சார்லஸ் ஹாஃப்மன் என்ற கணக்காளர்தான் எக்ஸ்எம்எல் என்ற கணினிக் குறியீட்டு மொழியை இதற்குப் பயன்படுத்தலாமே என்று முதலில் தோண்ட ஆரம்பித்தார். புரோகிராமர் இல்லை, நம் ஆடிட்டர் சார் மாதிரி ஒருவர். அந்நாட்டுக் கணக்காளர் சங்கம் அவருக்குக் கைகொடுத்தது. இப்போது பல நாடுகளில் பங்குச்சந்தையும் வரித்துறையும் வங்கிக் கண்காணிப்பும் இதில் ஓடுகின்றன.

மில்லுக்குத் திரும்புவோம். டேக் போடும் வேலை, அதாவது அந்தச் சீட்டைக் கட்டும் வேலை, யாருக்கு வந்தது? ஆடிட்டர் சாருக்கு வரவில்லை, அக்கவுண்டன்டுக்கும் வரவில்லை. "கம்ப்யூட்டர் தெரிஞ்ச பையன்" என்று எனக்கு வந்தது. கையெழுத்தான பேலன்ஸ் ஷீட்டை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, மென்பொருளில் அகராதியை மறுபக்கம் திறந்துவைத்துக்கொண்டு, வரி வரியாக ஜோடி சேர்க்கவேண்டும். இருபத்தொரு வயசுப் பையன், மில்லுக்குள் ஸ்டாக் எடுக்க ஒரே ஒரு முறை போனவன், நாற்பது வருடம் எழுதிய மனிதரின் கணக்குக்குப் பெயர் சூட்டுகிறேன்.

காற்றாடி வரிக்கு வந்தபோது திகைத்து நின்றேன். உடுமலையில் காற்றாடி சுற்றி உற்பத்தியாகும் மின்சாரம் மின்வாரியக் கம்பி வழியே மில்லின் கணக்குக்கு வந்து பில்லில் கழிகிறது. மிச்சமானது வாரியத்துக்கு விற்பனை. அக்கவுண்டன்ட் இரண்டையும் சேர்த்து மின்செலவில் கழித்துவிட்டு நிகரத்தைக் காட்டியிருந்தார். அதைப் பிரிக்கவா, அப்படியே விடவா? விற்ற மின்சாரம் வருவாயா, செலவுக் குறைப்பா? அகராதியில் இந்த இரண்டுக்கும் வேறு வேறு பெயர். அவருக்கு போன் செய்தேன். "கையெழுத்துப் போட்டாச்சுங்களே தம்பி, இனி எதுல போட்டா என்னங்க?" என்றார்.

அவர் சொன்னது தப்பில்லை. அவரைப் பொறுத்தவரை கணக்கு முடிந்துவிட்டது. இந்த டேக் போடுவது, கல்யாணம் முடிந்த பிறகு பத்திரிகை அடிக்கிற வேலை.

அந்த வருட வேலையில் நான் செய்த ஒரு கூத்தையும் சொல்லியாகவேண்டும். பேலன்ஸ் ஷீட் முழுக்க ஆயிரத்தில் இருந்தது. மென்பொருளிலும் மேலே 'ஆயிரத்தில்' என்று தேர்ந்தெடுத்தாயிற்று. ஆனால் பின்னாலிருந்த குறிப்பில் நிர்வாக இயக்குநரின் சம்பளத்தை மட்டும் முழு ரூபாயில் தட்டியிருந்தார்கள்: 24,00,000. நான் அதை அப்படியே எடுத்து உள்ளே போட்டேன். மென்பொருள் ஆயிரத்தால் பெருக்கியது. மில்லின் மொத்த விற்பனை 101 கோடி, முதலாளி சம்பளம் 240 கோடி! சரிபார்ப்புக் கருவியில் ஓட்டினேன். பச்சை விளக்கு. ஒரு பிழையும் இல்லை என்றது. இல்லைதான். அந்தத் தொகை வேறெந்தக் கூட்டலிலும் சேராதது. இலக்கணம் சரியாக இருந்தது. சார் தற்செயலாகப் பிரின்ட் எடுத்துப் பார்த்து, "முதலாளி உன்னைத் தேடிட்டு வந்து கட்டிப்பிடிப்பார்டா" என்றார்.

அதன்பின் கெடு ஒன்றுக்கு மேற்பட்ட முறை தள்ளிப்போனது. ஊரில் எல்லா ஆடிட்டர் அலுவலகத்திலும் என்னைப்போல ஒரு பையன் முழித்துக்கொண்டிருந்தான் என்று அர்த்தம்.

அடுத்த வருடம் இன்னொரு வேடிக்கை. 2010-11 கணக்கு, ஐந்தொகை எந்த வடிவில் இருக்கவேண்டும் என்று சொல்லும் கம்பெனிச் சட்டத்தின் பழைய ஆறாம் அட்டவணைப்படி. 2011-12 முதல் திருத்திய ஆறாம் அட்டவணை. ஆகவே அகராதியும் புதிது. முந்தின வருடம் 'சண்ட்ரி டெப்டர்ஸ்' என்று மனப்பாடம் செய்தது, இப்போது 'டிரேட் ரிசீவபிள்ஸ்'. திருப்பூர்க்காரரிடமிருந்து வரவேண்டிய பணம் அதேதான், அவர் தராமல் இழுத்தடிப்பதும் அதேதான், பெயர் மட்டும் வேறு. ஆனால் ஒரு நல்லது நடந்தது. வருவாய் என்பதைச் சரக்கு விற்பனை, சேவை விற்பனை, இதர இயக்க வருவாய் என்று புது அட்டவணை பிரித்தது. உற்பத்தியில் விழும் கழிவை விற்ற பணம் இதர இயக்க வருவாய் என்று பட்டயக் கணக்காளர் கழகத்தின் வழிகாட்டுக் குறிப்பு சொன்னது. கழிவுப் பஞ்சுக்கு ஒருவழியாகப் பெயர் கிடைத்தது. சார் முன்பே சொன்னது சரிதான் என்று அக்கவுண்டன்டிடம் சொன்னேன். "சரியா இருந்து என்னங்க பிரயோசனம், நூல் வெலதான் எறங்கிருச்சே" என்றார்.

விலை இறங்கியது, விற்றுமுதலும் நூறு கோடிக்குக் கீழே வந்தது. அதனால் மில் வெளியே வந்ததா? வரவில்லை. புதிய கம்பெனிச் சட்டத்தின்கீழ் 2015-இல் வந்த விதி, ஒருமுறை எக்ஸ்பிஆர்எல்லில் தாக்கல் செய்த கம்பெனி பிறகு அந்த வரம்புக்குள் வராவிட்டாலும் தொடர்ந்து அப்படியேதான் தாக்கல் செய்யவேண்டும் என்று சொல்லிவிட்டது. ஒரு வருடத்துப் பஞ்சு விலையும், கழிவுக்கு ஒரு மனிதர் வைத்த பெயரும் சேர்ந்து அந்த மில்லை நிரந்தரமாக உள்ளே இழுத்துவிட்டன. பேரேடு என்றால் பெரிய ஏடு என்றுதான் பொருள் என்று தெரியும். ஆனாலும் எனக்கு அது பெயர்களின் ஏடு என்றே காதில் விழுகிறது.

2013-இல் சி.ஏ. ஃபைனல் பரீட்சையில் ஒரு குரூப் பாக்கியோடு சென்னைக்கு வந்தேன். அமெரிக்கக் கம்பெனிகளின் காலாண்டு, ஆண்டு அறிக்கைகளுக்கு டேக் போடும் ஒரு நிறுவனத்தில் இரவு வேலை. 2009-இல் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் மிகப் பெரிய கம்பெனிகளில் தொடங்கி, 2011-க்குள் ஏறக்குறைய எல்லாக் கம்பெனிகளையும் எக்ஸ்பிஆர்எல்லுக்குள் கொண்டுவந்தது. அதில் கணிசமான வேலை கடல் தாண்டி இங்கே வந்தது. ராத்திரி ஒன்பது மணிக்கு கேபில் ஏறி, விடிகாலையில் திரும்புவோம். அவர்களுடைய ரிசல்ட் சீசன்தான் எங்களுக்கு மழைக்காலம். ஒரே அறிக்கையின் பதினான்காவது வரைவு அதிகாலை நான்கு மணிக்கு வரும். எங்கோ ஒரு வக்கீல் ஒரு குறிப்பில் ஒரு வார்த்தையை மாற்றியிருப்பார். அந்தப் பத்தி முழுக்க டேக்கை அவிழ்த்துத் திரும்பக் கட்டவேண்டும்.

அங்கே கற்றதில் முதலாவது, அடைப்புக்குறி. கணக்கர்களுக்கு அடைப்புக்குறி என்றால் கழித்தல். பணப்பாய்வு அறிக்கையில் எந்திரம் வாங்கிய பணம் அடைப்புக்குள் இருக்கும். ஆனால் அகராதியில் அதன் பெயரே 'சொத்து, ஆலை, எந்திரம் வாங்கச் செலுத்தியது'. செலுத்தியது என்று பெயரே சொல்லிவிட்டபிறகு தொகைக்குக் கழித்தல் குறி போட்டால், செலுத்தாமல் எதிர்ப்பக்கம் வாங்கிக்கொண்டதாக எந்திரம் படிக்கும். அடைப்புக்குறியைப் பார்த்ததும் கை தானாகக் கழித்தலைத் தட்டிவிடும். புதிதாகச் சேர்பவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு இது. நானும் செய்தேன்.

இரண்டாவது பெரிய விஷயம். இந்திய அமைச்சகத்தின் அகராதி மூடிய அகராதி. அதில் இல்லாத பெயரை நாம் சேர்க்க முடியாது. அமெரிக்க அகராதியில் ஆயிரக்கணக்கான பெயர்கள், போதாததற்குக் கம்பெனியே சொந்தப் பெயரும் சேர்த்துக்கொள்ளலாம். அங்கே என்ன ஆனது என்றால், இருக்கிற பெயரைத் தேடச் சோம்பல்பட்டோ, எங்கள் தொழில் தனி என்ற கர்வத்திலோ, ஆளாளுக்குப் புதுப்பெயர் வைத்தார்கள். இரண்டு கம்பெனிகளின் ஒரே செலவுக்கு இரண்டு பெயர். ஒப்பிடத்தானே இதெல்லாம்? இங்கே அதற்கு நேரெதிர். பெயர் கிடைக்காததையெல்லாம் 'மற்றவை'யில் தள்ளினோம். வீட்டில் எதை எங்கே வைப்பது என்று தெரியாவிட்டால் பரண்மேல் போடுகிற மாதிரி. அங்கே பிள்ளைக்குப் பத்துப் பெயர், இங்கே பத்துப் பிள்ளைக்கும் ஒரே பெயர்.

எது மேல் என்று பயிற்சி வகுப்புகளில் இன்றைக்கும் கேட்கிறார்கள். மூடியதே மேல் என்பது என் கட்சி. 'மற்றவை' வீங்கினால் அகராதியை எழுதுகிறவருக்குத் தெரிந்துவிடும்; அடுத்த பதிப்பில் பெயர் சேர்க்கலாம். ஆயிரம் சொந்தப் பெயர்கள் சிதறிக் கிடந்தால் அள்ளிக் கட்டுவது பெரும்பாடு. ஆனால் இந்த விவாதமே இரண்டாம்பட்சம். சென்னையில் அந்த இரவுகளில் எனக்கு உறைத்தது வேறு. ஒஹையோவில் ஒரு கம்பெனி ஒரு செலவை ஏன் அப்படிப் பிரித்தது என்று அங்கே உள்ளவருக்குத் தெரியும். பெயர் வைப்பதோ பெருங்குடியில் தூக்கம் வழியும் கண்ணோடு நான். கோவையிலும் அதே கதைதான், தூரம் மட்டும் குறைவு. கணக்கை எழுதினவர் பெயர் வைக்கவில்லை, பெயர் வைத்தவனுக்குக் கணக்கு தெரியாது. அதுவும் அப்போது டேக் போட்ட கோப்பு தனி, மனிதர் படிக்கும் அறிக்கை தனி. இரண்டாவதைத்தான் எல்லோரும் திரும்பத் திரும்பப் படித்தார்கள். நாங்கள் கட்டிய கோப்பைத் திறந்துபார்த்தவர் எத்தனை பேர் இருப்பார்கள்? 2018-இல்தான் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் இரண்டையும் ஒரே ஆவணமாக்கச் சொல்லி விதி போட்டது. அறிக்கையின் எண்ணிலேயே சீட்டும் ஒட்டியிருக்கும்.

இதற்கெல்லாம் முன்பே, ஆரவாரமில்லாமல், ஒரு இடத்தில் இதைச் சரியாகச் செய்திருந்தார்கள். அதே அமெரிக்காவில், வங்கிகள். அப்போது எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட வங்கிகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கண்காணிப்பாளர்களுக்கு நிலையறிக்கை கொடுக்கவேண்டியிருந்தது. 2005-இல் அதை எக்ஸ்பிஆர்எல்லுக்கு மாற்றியபோது, பெயர்களோடு சரிபார்ப்பு விதிகளையும் மென்பொருள் விற்பவர்களிடம் முன்கூட்டியே கொடுத்துவிட்டார்கள். இந்தத் தொகை அந்தத் தொகையைவிடப் பெரிதாக இருக்கக்கூடாது, போன காலாண்டைவிட இவ்வளவு மாறினால் காரணம் எழுது, இந்த மாதிரி. ஆகவே தப்பு எங்கே தெரிந்தது? வங்கிக்குள், எண்ணைத் தட்டிக்கொண்டிருக்கும் கிளார்க்கின் திரையில், அனுப்புவதற்கு முன்னால். பதில் தெரிந்த ஆள் பக்கத்து மேசையில் இருக்கிறார், எட்டிக் கேட்கலாம். முன்பு முதல்முறையே பிழையில்லாமல் வந்த அறிக்கைகள் நூற்றுக்கு 66. மாற்றத்துக்குப் பிறகு 95.

அதே மொழி, அதே சீட்டு. வேலை நடந்த மேசை வேறு.

இன்னொன்றும் சொல்லாமல் போனால் மனசு ஆறாது. இவ்வளவு பாடுபட்டு எந்திரம் படிக்கிற மாதிரி செய்ததை யார் படிக்கலாம்? அமெரிக்க ஆணையத்தின் தளத்தில் யார் வேண்டுமானாலும், ஒரு கல்லூரி மாணவி கூட, எல்லாக் கம்பெனிகளின் டேக் போட்ட எண்களையும் காசில்லாமல் மொத்தமாக இறக்கிக்கொள்ளலாம். இங்கே பட்டியலிட்ட கம்பெனிகளின் முடிவுகள் பங்குச்சந்தைத் தளங்களில் கிடைக்கின்றன. பட்டியலிடாத கம்பெனியின் கணக்கைப் பார்க்க, கம்பெனிக்கு நூறு ரூபாய் கட்டணம். ஒரு கம்பெனி என்றால் சரி. கோவை மாவட்ட நூற்பாலைகள் எல்லாவற்றையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வு செய்ய நினைக்கிற பிள்ளை என்ன செய்யும்?

நான் 2016-இல் ஊர் திரும்பிவிட்டேன். பாக்கி குரூப்பும் முடிந்தது. ஆடிட்டர் சார் இப்போது அலுவலகத்துக்கு வருவதில்லை. மில்லின் ஃபைல் என்னிடம்தான் இருக்கிறது. விற்றுமுதல் நூறு கோடிக்குக் கீழேதான், வருடாவருடம் எக்ஸ்பிஆர்எல் தாக்கலும் உண்டு. பழைய அக்கவுண்டன்ட் ஓய்வுபெற்றுவிட்டார். அவரிடம் உதவியாளராக இருந்தவர்தான் இப்போது கணக்குப் பார்க்கிறார். கணக்கு மூடின பிறகு எனக்கு போன் பண்ணாதீங்க, மூடறதுக்கு முன்னாடி பண்ணுங்க என்று நான்கு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

போன ஏப்ரலில் முதன்முறையாகச் செய்தார்.

"அண்ணா, மில்லு கூரையில சோலார் போட்டோமில்லீங்க. நம்ம தேவை போக மிச்சம் கரண்டு போர்டுக்குப் போகுது. அத எதுலீங்க போடறது? கணக்கு மூடறதுக்கு முன்னாலயே கேட்டுப்போடலாம்னு."

எனக்குச் சந்தோஷத்தில் நாற்காலியில் உட்கார முடியவில்லை. "இது வரைக்கும் மாசாமாசம் என்ட்ரி எதுல போட்டீங்க?" என்றேன்.

"மொத ஆறு மாசம் பவர் செலவுலயே கழிச்சுப்போட்டனுங்க. அப்புறம் ஒரு புதுப் பையன் சேந்தானுங்க. கம்ப்யூட்டரெல்லாம் நல்லாத் தெரியும். அவன் இதர வருமானத்துல போட்டிருக்கானுங்க."

பையனிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன்.